கவசத்தின் மேல் எழுதிய பெயர்

முழு உடல் கவசம் போட்டுவிட்டால் யார் யாரென்று தெரியாது. அதனால் மார்புப் பக்கத்தில் மார்க்கரால் பெயரையும், அதற்குக் கீழே டாக்டர், நர்ஸ் என்று பொறுப்பையும் எழுதிக்கொண்டுதான் கொரோனா வார்டுக்குள் போவோம். இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு நான்தான் எழுதினேன். பெயரை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனபோது, "மேடம், ஸ்டூடண்ட்னு எழுதாதீங்க, பேஷண்ட் பயந்துடுவாங்க" என்றாள். சரி, நர்ஸ் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம் மேடம், அது பொய்" என்றாள். கடைசியில் வெறும் பெயரோடுதான் உள்ளே போனாள்.

நர்சிங் மாணவர்களுக்கு வார்டில் பயிற்சி கொடுப்பது என் வேலை. பெருந்தொற்றுக் காலத்தில் அவர்கள் பட்ட மன அழுத்தத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த எழுதப்படாத இரண்டாவது வரிதான் நினைவுக்கு வருகிறது. நோய் தொற்றிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. தான் மாணவியா, நர்ஸா என்று தெரியாமல் நிற்கும் பாரம் இவர்களுக்கு மட்டும் கூடுதலாக இருந்தது.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டுகள் ஆனதையொட்டி, 2020ஆம் ஆண்டைச் செவிலியருக்கும் மகப்பேறு செவிலியருக்கும் உரிய ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அதே நிறுவனம் அந்த ஆண்டு மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. வார்டில் நோயாளிகளோடு நேரடியாகப் பழகும் கிளினிக்கல் போஸ்டிங் நின்றது. வகுப்புகள் கைபேசித் திரைக்குப் போயின. படுத்திருப்பவரைக் கட்டிலிலிருந்து இறக்காமல் படுக்கை விரிப்பை மாற்றுவது எப்படி என்பதை ஒரு மாணவன் வீட்டுத் தலையணைகளை வைத்துப் பழகிக் காட்டினான். கை கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் தலையணைக்கு வலிக்காது. புரட்டும்போது அது முனகாது, உங்கள் தோளைப் பிடித்துக்கொள்ளாது. நர்சிங்கில் பாதியை நோயாளியின் உடம்பு நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அந்தப் பாதி இல்லாமலேயே அவர்கள் ஓர் ஆண்டைக் கடக்க வேண்டியிருந்தது.

திரும்ப வார்டுக்கு அழைத்தபோது முதல் சில வாரங்கள் அவர்களை உள்ளே விடவில்லை. வாசலில் வருகிறவர்களுக்குக் காய்ச்சல் பார்ப்பதும் ஆக்சிஜன் அளவைக் குறிப்பதும்தான் வேலை. அந்த நாட்களில் ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொன்னேன். ஷெல்டன் கோஹனும் உடன் பணியாற்றியவர்களும் 1983இல் வெளியிட்ட மன அழுத்த அளவீட்டின் பத்துக் கேள்வி வடிவம் அது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. ஆய்வுக்காகக் கேட்கவில்லை. இரவில் யாருக்கு முதலில் போன் செய்து பேச வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன். ஒருத்தி எண்களை எல்லாம் சரியாக வட்டமிட்டுவிட்டு, தாளின் பின்பக்கம் இப்படி எழுதியிருந்தாள்: "வீட்டில் என்னை நர்ஸ் என்று தனி அறையில் வைத்திருக்கிறார்கள். இங்கே மாணவி என்று உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள்."

அந்தத் தாளை நான் பலமுறை எடுத்துப் படித்திருக்கிறேன். ஒரு தொழில் நம்முடையதாவதற்குக் காலம் பிடிக்கும். முதலில் கை பழகும், அப்புறம் மற்றவர்கள் நம்பத் தொடங்குவார்கள், அதற்கும் பிறகுதான் 'நான் நர்ஸ்' என்று கூச்சமில்லாமல் சொல்ல வாய் வரும். இவர்களுக்கு எல்லாம் முன்பின்னாக நடந்தது. கை பழகுவதற்கு முன்பே ஊர் உலகம் தேவதை என்றது, தெய்வம் என்றது. கைதட்டியவர்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தெய்வம் என்று அழைக்கப்பட்ட பிறகு, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று இருபது வயதுப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருந்த மருத்துவமனையில் என்95 முகக்கவசம் குறைவாக இருந்த நாட்களில் முதலில் பணியாளர்களுக்கு, மிஞ்சினால்தான் மாணவர்களுக்கு. அது நுண்துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும், ஆனால் முகத்தோடு இறுக ஒட்டியிருந்தால்தான் பயன் என்று பாடம் நடத்தியவள் நான். அதே நான் அவர்களுக்குத் தளர்வான சாதாரண முகக்கவசத்தைக் கொடுத்து வாசலில் நிற்க வைத்தேன். எது சரி என்று தெரிந்தும் நிறுவனத்தின் கட்டுப்பாடுகளால் அதைச் செய்ய முடியாமல் போவதை 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ அறிஞர் அறம் சார்ந்த மன வேதனை என்று பெயரிட்டு எழுதினார். வகுப்பில் பல ஆண்டுகள் நடத்திய பாடம் அது. அந்தச் சாதாரண முகக்கவசங்களை எடுத்து அவர்களிடம் நீட்டியபோதுதான் எனக்கு அதன் பொருள் புரிந்தது. இன்றைக்கும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

உள்ளே போகத் தொடங்கியதும் நான் இன்னொரு தவறு செய்தேன். முதல் நாள் வெளியே வந்து அழுத ஒரு மாணவனிடம், "இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்துவிட்டாய், தைரியமாக இருக்க வேண்டும்" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதன் பிறகு ஒரு வாரம் என்னிடம் எதுவுமே பேசவில்லை.

பிறகு முறையை மாற்றினேன். டியூட்டி முடிந்ததும் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுப் பத்து நிமிடம் உட்காருவோம். இன்று எது பயமாக இருந்தது என்பது ஒன்றுதான் கேள்வி. முதலில் நான் சொல்வேன். கவசம் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். கையுறையின் வெளிப்பக்கம் மணிக்கட்டில் பட்டதோ என்ற சந்தேகத்தில் ஒருநாள் திரும்பத் திரும்பக் கை கழுவினேன் என்று அவர்களிடம் சொன்னேன். சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவினால் போதும் என்று கற்றுக்கொடுத்தவளே அப்படிச் செய்ததைக் கேட்டதும்தான் அவர்கள் வாயைத் திறந்தார்கள். பேசாமல் போயிருந்த அந்த மாணவனும் அன்றுதான் பேசினான். குப்புறப் படுக்க வைத்த ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு 84லிருந்து 91க்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றானாம். ஏறியது சந்தோஷமாக இல்லை மேடம், மறுபடி இறங்கிவிடுமோ என்றுதான் பயந்தேன் என்றான்.

எல்லோரும் தாக்குப்பிடிக்கவில்லை. நன்றாகப் படித்த ஒருத்தி படிப்பை முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போனாள். அதை நான் தோல்வி என்று நினைக்கவில்லை.

கவசத்தில் வெறும் பெயரோடு போனாளே, அவளைப் பற்றிச் சொல்ல ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒரு மாலை, இனி பிழைக்கமாட்டார் என்று தெரிந்துவிட்ட ஒரு முதியவரின் முகத்துக்கு நேராகக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். குடும்பத்தாருக்கு உள்ளே அனுமதி இல்லை. திரையில் மாறி மாறி முகங்கள் வந்தன. இரண்டு அடுக்குக் கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயின. கை மாற்றினால் படம் ஆடிவிடும், பேசிக்கொண்டிருக்கிற மகளுக்கு அந்த முகம் மறைந்துவிடும் என்று அவள் மாற்றவே இல்லை. வெளியே வந்து, "நான் ஒண்ணுமே செய்யல மேடம், போனைத்தான் பிடிச்சிட்டு நின்னேன்" என்றாள்.

மறுநாள் லாக் புக்கோடு வந்தாள். எத்தனை ஊசி, எத்தனை முறை சிறுநீர்க்குழாய் பொருத்தினாய், எத்தனை பேருக்கு மூக்குக்குழாய் வழி உணவு கொடுத்தாய் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. "நேத்து செஞ்சதை எதுல எழுதறது மேடம்?" என்று கேட்டாள். புரட்டிப் பார்த்தேன். எதிலும் இல்லை. பக்கத்தின் ஓரத்தில் அவளையே எழுதச் சொன்னேன்: 'இறுதி நேரத்தில் இருந்த நோயாளியைக் குடும்பத்தாருடன் பேச வைத்தல், ஒன்று.' கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

செய்முறைத் தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓரத்தில் இருந்ததைப் படித்தார்.

"எவ்வளவு நேரம் பிடிச்சிட்டு நின்னே?"

"நாற்பது நிமிஷம் மேடம்."

பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார். அப்புறம் பக்கத்தைத் திருப்பி, ஆக்சிஜன் கொடுக்கும் முறைகளைச் சொல்லு என்று கேட்கத் தொடங்கினார்.