குளியலறைக் குழாய் வேலைக்குப் பணம் ஒதுக்கும்போது

பழைய வீட்டின் குளியலறைச் சுவரில் ஈரம் ஊறிப் பெயிண்ட் உரியத் தொடங்கியதும், நம்மில் பலர் முதலில் விசாரிப்பது குழாயின் விலையைத்தான். ஆனால் மொத்தச் செலவில் குழாய்க்கும் எல்போ, டீ போன்ற இணைப்புகளுக்கும் போவது சிறு பங்கே. சுவரைக் கொத்தவும், மீண்டும் பூசி டைல்ஸ் ஒட்டவும், இடிபாட்டை மூட்டைகட்டி மாடியிலிருந்து இறக்கி அப்புறப்படுத்தவும் ஆகும் கூலிதான் பட்டியலின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டுச் சுவருக்குள் இருந்தவை ஜிஐ குழாய்கள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். துத்தநாகப் பூச்சு தேய்ந்தபின் உள்ளே துரு ஏறி, போர் தண்ணீரின் உப்பும் படிந்து, அவற்றின் துவாரம் சுருங்கிவிடுகிறது. அந்த நிலையில் ஓர் இணைப்பை ரெஞ்சால் திருகினால் அடுத்த இணைப்பு கசியத் தொடங்கும் என்பதால், "ஒழுகும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும்" என்று சொல்லப்படும் குறைந்த தொகையை நான் நம்புவதில்லை. அந்த வரிசை முழுவதையும் மாற்றுவதற்கான மதிப்பீட்டையும் சேர்த்தே கேட்டு வாங்குகிறேன்.

டைல்ஸ் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பழைய டிசைன் கடையில் கிடைக்காதபோது, ஒரு வரிசையை உடைத்தாலும் சுவர் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். குளியலறைச் சுவரின் மறுபக்கம் படுக்கையறையாக இருந்து, குழாயை அந்தப் பக்கத்திலிருந்து எட்ட முடியுமானால், அங்கிருந்தே கொத்தச் சொல்லலாம்; அப்போது பூச்சும் பெயிண்டும் மட்டுமே செலவு. இந்த யோசனையைப் பிளம்பர் தாமாகச் சொல்வது அரிது, நாம்தான் கேட்க வேண்டும்.

பொருளில் மிச்சம் பிடிப்பதற்கும் எல்லை உண்டு. குளிர்நீருக்கு யுபிவிசி என்னும் பிளாஸ்டிக் குழாய் போதுமானது, விலையும் குறைவு. ஆனால் கீசரிலிருந்து வரும் வெந்நீருக்கு ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, சூட்டைத் தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயே வேண்டும். தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும், சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டர் பார்வைக்கு அழகுதான். எனினும் அது பழுதானால் மறுபடியும் சுவரை உடைக்க நேரலாம் என்பதால், வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும், சுவருக்கு வெளியே பொருத்தும் வால் மிக்சரையே நான் தேர்ந்தெடுப்பேன். கடைக்காரர் சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுவரைத் திறக்கும்வரை உள்ளிருக்கும் நிலை யாருக்கும் தெரியாது. ஆகவே மதிப்பீட்டுக்கு மேல் 20 சதவீதத்தைத் தனியே எடுத்துவைக்கிறேன். சுவரைப் பூசுவதற்குமுன் குழாயில் நீரேற்றி அழுத்தச் சோதனை செய்வதையும், தரையில் டைல்ஸ் ஒட்டுவதற்குமுன் 24 மணி நேரம் நீரைத் தேக்கிக் கீழ்த்தளக் கூரையைப் பார்ப்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. இவ்விரண்டும் முடியும்வரை கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் வழக்கத்தை, நல்ல பிளம்பர்கள் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.