சாதிப் பட்டம் போய் அப்பா பெயர் வந்தது: மும்பையில் பெயர் மாற்றிய அனுபவம்

மும்பையில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பம் எதுவானாலும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும்: ஆட்நாவ், அதாவது குடும்பப் பெயர், என்ன? பள்ளி விண்ணப்பத்தில் முதல் கட்டமே குடும்பப் பெயருக்குத்தான். அப்புறம்தான் பிள்ளையின் பெயர், அப்பா பெயர். வருகைப் பதிவேடும் அதே வரிசைதான். நமக்கோ இனிஷியலும் பெயரும் மட்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பல இடங்களில் எழுத்தரே எதையாவது எழுதிவிடுவார். எங்கள் வீட்டில் அப்படி ஒட்டிக்கொண்டது ஒரு சாதிப் பட்டம். அதை எடுத்த கதையைத்தான் எழுதுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் யாருக்காவது பயன்படட்டும்.

மாமனார் 1960களில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். அவர் பெயர் செல்வராஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ரேஷன் கார்டு எடுக்கப் போன இடத்தில் குடும்பப் பெயர் கேட்டிருக்கிறார்கள். கூட வந்த ஊர்க்காரர் பட்டத்தைச் சொல்லிவிட்டார். அதிலிருந்து என் வீட்டுக்காரரின் பள்ளிப் பதிவேட்டுக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கும் போனது. என் வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆதார், பான் இரண்டிலும் தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைத்தான் போட்டுக்கொண்டார். பானில் கடைசிப் பெயர் என்ற கட்டம் கட்டாயம், இனிஷியல் ஏற்கமாட்டார்கள் என்பதால் செல்வராஜ் என்று முழுசாக. எனக்கு என் அப்பா பெயர். மகளுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது, அப்பாவின் பழைய எல்.சி.யை, அதாவது பள்ளி விட்டதற்கான சான்றிதழை, பார்த்து அங்கிருந்த எழுத்தர் மறுபடி அந்தப் பட்டத்தையே எழுதிவிட்டார். எங்களைக் கேட்கவே இல்லை. ஆக ஒரு சமையலறை, நாலு பேர், காகிதத்தில் மூன்று குடும்பப் பெயர்.

துபாயில் இருக்கும் கொழுந்தனாரைப் பார்க்கப் போகலாம் என்று பாஸ்போர்ட் பேச்சு எடுத்தபோதுதான் இது முற்றியது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு விதி கொண்டுவந்தது: பாஸ்போர்ட்டில் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களில் ஒன்று காலியாக இருந்தாலும் சுற்றுலா விசா இல்லை. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று அப்புறம் விளக்கம் தந்தார்கள். ஆனாலும் ஒற்றைப் பெயரோடு பயணம் போவது இனி தலைவலிதான் என்று தெரிந்துபோனது. கட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும். எதை வைத்து நிரப்புவது?

“ஏற்கெனவே இருக்கிற பட்டத்தையே எல்லாருக்கும் போட்டுட்டா வேலை சுலபம்ல” என்று சொன்னவர்கள்தான் அதிகம். பாஸ்போர்ட் ஏஜெண்டும் அதையேதான் சொன்னார். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அதில் துளியும் இஷ்டமில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டு, பெரியாரே தன் பெயரிலிருந்த நாயக்கரை எடுத்தார். இன்று ஊரில் யார் வீட்டு மார்க்ஷீட்டிலும் பட்டம் கிடையாது. அங்கே விட்டதை இங்கே அரசாங்க முத்திரையோடு என் மகள் தலையில் வைப்பதா? மாமாவிடம் தயங்கித்தான் கேட்டோம். அவர் தினத்தந்தியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “யம்மா, ஊர்ல எந்தக் காகிதத்துலயும் எங்களுக்கு இது கெடயாது. இங்க வந்துல்லா ஒட்டிக்கிட்டு. எடுத்துருங்க.”

சரி, வேலையை எங்கே தொடங்குவது? என் வீட்டுக்காரரிடமிருந்துதான். அவர் பெயர் நேரானால்தான் மகளுடையது நேராகும். மகாராஷ்டிர அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். அரசு அச்சகத் துறையின் அலுவலகம் சர்னி ரோட்டில் இருக்கிறது; விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். பழைய பெயர், புதிய பெயர், காரணம், புகைப்படம், அடையாளச் சான்று, பழைய பெயருக்கான சான்று. நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் எழுதி வைத்துக்கொண்டோம். பழைய பெயரை எல்.சி.யில் இருக்கிற மாதிரி எழுத்துக்கு எழுத்து தட்டுங்கள். ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ நாளைக்கு இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்பார்கள்.

நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு செய்த பெரியவர் மராத்திக்காரர், நல்ல மனிதர். புதிய பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “செல்வராஜ்னு எனக்கு நாலைஞ்சு பேரைத் தெரியும். எல்லாரும் உங்க சொந்தமா? எந்த ஊர்க் குடும்பம்?”

நியாயமான கேள்வி. அவர் ஊர்க் கணக்குப்படி தெண்டுல்கர் என்றால் ஒரு கிராமம், குல்கர்ணி என்றால் கணக்கு எழுதிய பரம்பரை, பாட்டீல் என்றால் ஊர்த் தலைமை. குடும்பப் பெயரைக் கேட்டால் பாதி வரலாறு வந்துவிடும். உலகத்தில் குடும்பப் பெயரை எண்ணுகிறவர்களும் இந்த நம்பிக்கையில்தான் எண்ணுகிறார்கள். அமெரிக்கா 2010 கணக்கெடுப்பில் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள குடும்பப் பெயர் அத்தனையும் பட்டியல் போட்டு, எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் என்றும் வெளியிட்டது. ஸ்மித் 24 லட்சத்துக்கு மேல். நம் பட்டேலே 2 லட்சத்து 29 ஆயிரத்துக்கு மேல். தென் கொரியாவில் 2015 கணக்கெடுப்பின்படி ஐந்தில் ஒருவருக்குமேல் கிம். பட்டேல் எண்ணிக்கையைப் பார்த்தால் குஜராத்திலிருந்து போனவர்களின் கதை ஓரளவு தெரியும்.

செல்வராஜை அப்படி எண்ணினால் என்ன தெரியும்? செல்வராஜ் என்று பெயர் வைத்த ஒரு காலம் தெரியும், அவ்வளவுதான். அந்தக் குடும்பப் பெயரோடு இருப்பவர்கள் எல்லாரும் ஏதோவொரு செல்வராஜின் பிள்ளைகள். அநேகமாக ஒரே வயதுக்காரர்கள், ஒருவருக்கொருவர் உறவில்லை, சாதி, மதம், ஊர் எல்லாம் வேறு வேறு. இந்தக் காலத்தில் யாரும் பிள்ளைக்குச் செல்வராஜ் என்று வைப்பதாகத் தெரியவில்லை. அதனால் அடுத்த தலைமுறையில் இந்தக் குடும்பப் பெயரும் அருகிவிடும், சுரேஷும் ரமேஷும் அந்த இடத்துக்கு வருவார்கள். பெண்களைக் கேட்கவே வேண்டாம்: கல்யாணத்துக்கு முன் ஒரு கணக்கில், பின் வேறொரு கணக்கில் இருப்போம்.

அந்தப் பெரியவரிடம் சர் சி.வி. ராமனைச் சொன்னேன். 1930இல் அவருக்கு நோபல், 1983இல் அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு நோபல். சித்தப்பாவும் மகனும்தான். நோபல் பட்டியலில் ஒருவர் ராமன், இன்னொருவர் சந்திரசேகர். குடும்பப் பெயரை மட்டும் பார்க்கிறவருக்கு இவர்கள் அந்நியர்கள். ஆனால் ராமனுடைய முதல் இனிஷியலில் இருக்கும் சந்திரசேகரனும், அண்ணன் மகனுக்கு வைத்த சந்திரசேகரும் ஒரே ஆளின் பெயர், ராமனின் அப்பா பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர். உறவு இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. பெரியவர் தட்டச்சை நிறுத்திவிட்டு இதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அரசிதழ் வெளிவந்ததும் பி.டி.எஃப். இறக்கிப் பல பிரதி எடுத்து வைத்துக்கொண்டோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பழைய பெயரிலேயே இருக்கட்டும், அதை மாற்ற அலையவில்லை. எங்கே கொடுத்தாலும் பின்னால் அரசிதழையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். லோயர் பரேல் பாஸ்போர்ட் சேவா மையத்திலும் அப்படித்தான் கொடுத்தோம், ஒரு கேள்வியும் வரவில்லை.

மகளின் பள்ளிப் பதிவேடுதான் இழுத்தடித்தது. பிறப்புச் சான்றிதழில் பட்டம் கிடையாது. அதையும் அரசிதழையும் வைத்துத் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதி, அவர் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து அனுமதி வந்த பிறகே பதிவேட்டில் கை வைப்பார்கள். பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். எல்.சி. வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் திருத்துவது மிகவும் கஷ்டம். ஆதாரை அதற்கு அப்புறம்தான் தொட்டோம். ஆயுளுக்கு இரண்டு முறைதான் பெயர் மாற்றலாம் என்பதால் மற்றதெல்லாம் முடிந்த பின் கடைசியாகச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

மகளுக்குத் தாத்தா பெயரையே வைத்து வீட்டுக்கே நிரந்தரக் குடும்பப் பெயராக்கிவிடலாமே என்று கொழுந்தனார் கேட்டார். அமெரிக்கா போன நம்மவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் யோசித்து, அவள் அப்பா பெயரையே போட்டோம். செல்வராஜ் அவள் தாத்தா, அவள் அப்பா இல்லை. பாஸ்போர்ட் மையத்தில் முதல் கவுண்டரில் நம் பக்கம் திருப்பி வைத்த திரை ஒன்று இருக்கும். அதில் பெயர், குடும்பப் பெயர், அப்பா, அம்மா என்று வரிசையாக வந்தபோது எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். நீங்களும் அவசரப்படாமல் பாருங்கள், அங்கேயே சொன்னால் உடனே திருத்துவார்கள்.

இனிப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. மகாராஷ்டிர அமைச்சரவை 2024 மார்ச்சில் எடுத்த முடிவின்படி, 2024 மே 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, பிள்ளை பெயருக்கு அடுத்து அம்மா பெயர், அப்புறம் அப்பா பெயர், கடைசியில் குடும்பப் பெயர். அம்மா பெயர் வந்தது எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் குடும்பப் பெயர்க் கட்டம் அப்படியே இருக்கிறது. சேர்க்கைக்குப் போகும்போது அதில் என்ன எழுத வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்து, உங்கள் கையாலேயே எழுதி, எழுத்தர் பதிவேட்டில் ஏற்றும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.