சனிக்கிழமை வாற லாப்ராஸ்

ஜூன் 7, 2025, சனி

அம்மாட அலுமாரிக்கு மேல கிடந்த மலிபன் தகரப் பெட்டிய இறக்கினா மேல ஊசி, நூல், பொத்தான், அடியில என்ர கேம் பாய் கலர் எண்ட கையடக்க கேம் மெசினும், அதில போட்டு விளையாடுற போக்கிமோன் கோல்ட் கேசட்டும். போக்கிமோன் எண்டா கேமுக்குள்ள பிடிச்சு, வளத்து, சண்டைக்கு விடுற கற்பனை உயிருகள். வெள்ளவத்தை உப்புக்காத்துக்கு கேற்றே உதிருது, இது தப்பிக் கிடக்கு. ரெண்டு பென்டோர்ச் பற்றரி போட்டு சுவிட்சைத் தள்ளினன், பாட்டு வந்துது. ஆனா புது ஆட்டம் மட்டுந்தான் காட்டுது. 2001ல தொடங்கி விளையாடினதைப் பதிஞ்சு வச்ச சேவ் போச்சு.

ஏனெண்டு தெரியும். கேசட்டுக்குள்ள சிஆர்2025 எண்டு காசு மாதிரி ஒரு பற்றரி, சேவும் அதில, மணிக்கூடும் அதில. முதல் வந்த போக்கிமோன் ரெட், ப்ளூவில மணிக்கூடு இல்ல. இதில வெளியில இருட்டினா உள்ளயும் இருட்டும், ஹூட்ஹூட் எண்ட ஆந்தை இரவிலதான் திரியும், சிலது கிழமை பாத்துத்தான் வரும். கேம் பாயை நிப்பாட்டி வச்சாலும் மணிக்கூடு ஓடும். ஒருத்தரும் பாக்காத பெட்டிக்குள்ள ஓடி ஓடி எப்ப நிண்டுதோ.

ஜூன் 9, திங்கள்

வேலை முடிய 100 பஸ்ஸில புறக்கோட்டை. ரெண்டு கடையில பாத்துட்டுச் சிரிச்சாங்கள். மூண்டாவது, ரேடியோ திருத்துற ஒரு நானா, "இது இன்னும் உயிரோட ஈக்கிதா தம்பி" எண்டு வாங்கினார். கேசட்டிட பின்பக்க ஆணி சாதாரண டிரைவருக்குக் கழராது, சுத்திவரப் பல்லு மாதிரி இருக்கும். மனுசன் ஒரு பழைய பேனைக் குழாயை லைட்டரில உருக்கி ஆணிக்கு மேல அமத்திப் பிடிச்சு, ஆறவிட்டு, மெல்லத் திருப்பினார். கழண்டுது! பற்றரி தகடு வச்சு ஒட்டினது, பிடுங்கிட்டு காலோட வாற புதுசு ஒண்டை ஈயம் வச்சுத் தந்தார். காசு கேக்கவே கூச்சப்பட்டார், அவ்வளவு சின்ன வேலையாம்.

ஜூன் 10, செவ்வாய், போசன் போயா

லீவு. கீழ தன்சலில இலவசச் சாப்பாட்டுக்கு லைன், நான் பல்கனியில. கேம் தொடக்கத்திலயே ஒரு புரபசர் நித்திரையால எழும்பி மணி எத்தினை எண்டு கேப்பார். 2001ல நாங்கள் குடுத்தது வேற நேரம், ஏனெண்டா 1996 மேயில கரண்ட் மிச்சம் பிடிக்க நாட்டு நேரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்டோபரில அரை மணித்தியாலம் திருப்பி எடுத்து, 2006 ஏப்ரலிலதான் பழைய நேரத்துக்கு வந்தது. கேசட் மட்டும் அரை மணி முன்னுக்கே ஓடியிருக்கும், ஆர் திருத்தினது.

பிறகு கேமில அம்மா கிழமை கேப்பா. அண்டைக்குத் திங்கள், ஆனா தங்கச்சி அவசரத்தில ஞாயிறு எண்டு இருக்கவே அமத்திட்டாள். கரண்ட் வெட்டுற காலம், கேம் பாய் திரையில வெளிச்சமும் இல்ல, சிமினி விளக்குக்குக் கிட்ட ரெண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பாத்தா எழுத்தே தெரியாது. அதால எங்கட கேசட் எப்பவும் ஒரு நாள் பிந்தித்தான். கேமில யூனியன் குகையில லாப்ராஸ் எண்ட நீர்ப் போக்கிமோன் வெள்ளிக்கிழமைதான் வரும், எங்களுக்கு சனிக்கிழமை வந்தது. வகுப்பில ஒருத்தனோட பந்தயம் பிடிச்சு ரெண்டு ஃபிஷ் ரோல் தோத்தன், அவன் என்னைப் பொய்யன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சான்.

இண்டைக்கு செவ்வாய். கொஞ்சம் யோசிச்சிட்டு திங்கள் எண்டு குடுத்தன்.

ஜூன் 14, சனி

கேமில கோல்டன்ராட் ஊர் ஜிம் தலைவி விட்னிட மில்டாங்க். பன்னெண்டு வயசில என்னை அழவச்ச மாடு, முப்பத்தாறிலயும் மிதிக்குது. உருண்டு வந்து அடிக்கிற ரோலவுட் ஒவ்வொரு முறையும் ரெண்டு மடங்கு, அடிச்சுக் குறைச்சா பால் குடிச்சு எழும்பும், ஆம்பிளையெண்டா மயக்கிப் போடும். என்ர முதலைக்குட்டி டோட்டோடைல் மயங்கி நிண்டே செத்தான், மூண்டு தரம். பிறகுதான் ஞாபகம் வந்தது, அதே ஊர்க் கடைத்தொகுதி அஞ்சாம் மாடியில ட்ரவ்ஸி எண்ட போக்கிமோனைக் குடுத்தா மாச்சாப் எண்டதைத் தருவினம், அது பொம்பிளை, மயங்காது. மாடு விழுந்துது. விட்னி அழுதுகொண்டு பேட்ஜ் தரமாட்டன் எண்டு நிக்கிறா, எனக்கும் பாவமா இல்ல.

ஜூன் 18, புதன்

நாலாவது பேட்ஜ், தண்ணியில போக வைக்கிற சேர்ஃப் ரெண்டும் கிடைச்சாச்சு. நித்திரை இல்ல.

ஜூன் 21, சனி

பின்னேரம் ஆறரை, தங்கச்சி இருக்கிற கனடா ஸ்கார்பரோவில காலமை ஒன்பது. தங்கச்சியை வீடியோவில எடுத்து போனை கேம் பாய்க்கு மேல பிடிச்சன். "ஒண்டும் தெரியேல்ல அண்ணா, லைட்டைப் போடு." போட்டன். குகைக்குள்ள இறங்கி தண்ணியில போனா நடுவில லாப்ராஸ் நிக்குது.

"இண்டைக்கு சனியெல்லே!" எண்டாள். பிறகு விளங்கிட்டுது, சிரிக்கத் தொடங்கினவள் நிப்பாட்டேல்ல. பிடிக்க எறிஞ்ச நாலு பந்து வீண், அஞ்சாவதில மூண்டு தரம் ஆடி நிண்டுது.

பேர் கேட்டுது. "சனி எண்டு வை" எண்டு கத்தினாள். குசினியில இருந்து அம்மா, "விளக்கு வைக்கிற நேரத்தில ஆரடி அது சனியைக் கூப்பிடுறது? உள்ளதே காணும்!"

இங்கிலீசில நாலு எழுத்து. அம்மாக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க ஏலாது, வச்சிட்டன்.