மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது?

வீட்டுச் செலவைக் குறைத்துக் கிரெடிட் கார்டு கடனை அடைப்பது எப்படி என்று யாரிடம் கேட்டாலும், எதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்ற பட்டியல்தான் முதலில் கிடைக்கும். வெளியில் சாப்பிடுவதை நிறுத்துங்கள், சந்தாக்களை ரத்து செய்யுங்கள், புதுத் துணி எடுக்காதீர்கள் என்று அது நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியலில் தவறேதும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் கடனை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் நானும் என் கணவரும் அதிகம் பேசியது வேறொரு கேள்வியைப் பற்றி: இன்று செலவழிக்காமல் விட்ட பணம் இன்று இரவு எங்கே இருக்கிறது? அது வங்கிக் கணக்கிலேயே கிடக்கிறது என்றால் இன்னும் மிச்சமாகவில்லை, அடுத்த செலவுக்காகக் காத்திருக்கிறது என்றுதான் பொருள். அட்டையின் நிலுவையில் போய்ச் சேர்ந்த பணத்தை மட்டுமே குறைத்த செலவாக நாங்கள் கணக்கில் எழுதினோம்.

இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் வட்டிக் கணக்கு. மாதம் 3 சதவீதம் என்று விதிமுறைகளுக்கு நடுவே இருக்கும் எண், படிப்பதற்குச் சாதாரணமாகத்தான் தெரியும். அது மாதந்தோறும் அசலோடு சேர்ந்து கூட்டு வட்டியாகும்போது ஆண்டுக்கு 42.5 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. ஒன்றுமே கட்டாமல் விட்டால், தாமதக் கட்டணங்களைச் சேர்க்காமலேயே, இரண்டு ஆண்டுகளில் கடன் இரட்டிப்பாகிவிடும். நிலுவை 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். முதல் மாத வட்டி 3,000. அந்த மாதம் கட்டாயமாகக் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை, வட்டியும் சேர்ந்த மொத்த நிலுவையில் 5 சதவீதம்தான் என்றால், கட்ட வேண்டியது 5,150. அதில் அசலைத் தொடுவது 2,150 மட்டுமே. நிலுவை சற்றுக் குறைந்துவிட்டதால் அடுத்த மாதம் கேட்கப்படும் குறைந்தபட்சத் தொகையும் சற்றுக் குறைகிறது. இது சலுகைபோலத் தோன்றினாலும், கடனை நீட்டித்துக்கொண்டே போவது இந்த ஏற்பாடுதான். புதிதாக எதுவும் வாங்காமல், அட்டை கேட்ட தொகையை ஒரு மாதமும் தவறாமல் கட்டி வந்தவர் ஓராண்டில் ஏறத்தாழ 55,000 கட்டியிருப்பார். நிலுவையோ 77,000 அளவில் நின்றிருக்கும். கடன் பாதியாகவே 32 மாதங்கள் ஆகும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்து பார்ப்போம். முதல் மாதம் கட்டிய அதே 5,150ஐ, பில்லில் எவ்வளவு குறைவாகக் கேட்டிருந்தாலும் குறைக்காமல், ஒவ்வொரு மாதமும் கட்டினால் 30 மாதங்களில் முழுக் கடனும் தீர்ந்துவிடுகிறது. வீட்டுச் செலவில் ஒரு காசுகூடக் கூடுதலாகக் குறைக்காமல், தொகையை நிலையாக வைத்ததனாலேயே கிடைத்த பலன் இது. அதற்கு மேல் வீட்டுச் செலவில் மாதம் 2,000 குறைத்து அதையும் சேர்த்து 7,150 கட்டினால் 19 மாதங்களில் கடன் முடிகிறது. மொத்த வட்டி ஏறத்தாழ 52,000 என்பதிலிருந்து 31,600 அளவுக்கு இறங்குகிறது. ஆகவே செலவுக் குறைப்பைத் தொடங்கும் முன்பே, மாதம் இவ்வளவு கட்டுவோம் என்று ஒரு தொகையை முடிவு செய்து, அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று வீட்டில் ஒப்புக்கொள்வதுதான் முதல் வேலை என்பது என் கருத்து.

பில்லில் அச்சிடப்பட்டிருக்கும் அந்தச் சிறிய தொகைக்கு மனத்தை இழுக்கும் சக்தி உண்டு. உளவியல் ஆய்வாளர் நீல் ஸ்டூவர்ட் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: குறைந்தபட்சத் தொகை குறிக்கப்பட்ட பில்லைப் பார்த்தவர்களில் முழுவதையும் கட்டாதவர்கள், அந்தக் குறிப்பே இல்லாத பில்லைப் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே கட்ட முன்வந்தார்கள். அமெரிக்காவில் அதே 2009இல் வந்த கிரெடிட் கார்டு சட்டம், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும், 3 ஆண்டுகளில் தீர்க்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் பில்லிலேயே காட்டச் சொன்னது. உங்கள் பில்லில் அப்படி எதுவும் இல்லாவிட்டால் ஒரு தாளில் நீங்களே கணக்கிட்டு அதன்மேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அடுத்ததாக, அன்றாட வீட்டுச் செலவை அந்த அட்டையிலிருந்து முற்றிலுமாக வெளியே எடுத்துவிட வேண்டும். ஏதாவது ஒரு பொருளை நிறுத்துவதைவிட இது முக்கியமானது. ஆனால் பட்டியல் போடுபவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. பில்லை முழுவதுமாகக் கட்டுகிறவருக்குப் பொருள் வாங்கிய நாளிலிருந்து கெடு நாள் வரை வட்டி கிடையாது. பாக்கி வைத்துவிட்டால் பெரும்பாலான அட்டைகளில் அந்த வட்டியில்லாக் காலம் புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் இல்லாமல் போய்விடுகிறது. பழைய கடன் இருக்கும் அட்டையில் இன்று மாலை வாங்கும் சோப்புக்கும் பற்பசைக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். ஆகவே அட்டையில் வாங்கினால் கிடைக்கும் புள்ளிகளையும் தள்ளுபடியையும் நினைத்து அதைக் கையில் வைத்திருப்பது கணக்குக்கு ஒவ்வாது. அந்தச் சலுகை சில நாள் வட்டியிலேயே கரைந்துவிடும். பணத்தை எப்படிச் செலுத்துகிறோம் என்பதே வாங்கும் மனநிலையை மாற்றுகிறது என்பதும் உண்மை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டியின் நுழைவுச் சீட்டுகளை ஏலம் கேட்டவர்களில் அட்டையில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகச் செலுத்த வேண்டியிருந்தவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். இணையக் கடைகளில் சேமித்து வைத்திருந்த அட்டை விவரங்களை ஒவ்வொன்றாக அழிப்பது சலிப்பூட்டும் வேலைதான்; ஆனாலும் நான் அதை முழுவதுமாகச் செய்தேன்.

இனி, மிச்சம் பிடித்த பணத்தை நகர்த்துவதற்கு வருகிறேன். கெடு நாளன்று மட்டும்தான் கட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மாதத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டலாம். வட்டி பெரும்பாலும் அன்றன்றைய நிலுவையின் மேல் நாள் கணக்கில் போடப்படுவதால், இன்று கட்டும் தொகைக்கு நாளையிலிருந்தே வட்டி நின்றுவிடும். ஆகவே சம்பளம் வந்த அன்றே நிலையான தொகையைக் கட்டிவிட்டு, அதன்பின் மிச்சப்படும் சிறு தொகைகளை வாரக் கடைசியில் சேர்த்துக் கட்டுவது என்று வைத்துக்கொண்டோம். சந்தாவை ரத்து செய்தால் அதே நிமிடத்தில் அந்தத் தொகைக்கு ஒரு மாதாந்திரத் தானியங்கிக் கட்டளையை அட்டைக்குப் போட்டுவிடுவோம். இதைச் செய்யாத வீடுகளில் நடப்பதென்னவென்றால், வெளிச்சாப்பாட்டில் குறைத்த பணம் வீட்டு அலங்காரத்தில் வெளியேறும். மாதக் கடைசியில் இருவருமே சிக்கனமாக இருந்ததாக நம்புவார்கள், நிலுவை மட்டும் அசையாது. ஓர் அறையைப் பெருக்கிக் குப்பையை அடுத்த அறையில் தள்ளுவதுபோல.

எதைக் குறைப்பது என்பதில் எங்களுக்குள் உடன்பாடு எளிதில் வரவில்லை. பெரிய செலவு ஒன்றை அடியோடு வெட்டினால் போதும், சின்னச் சின்னதாக எல்லாவற்றிலும் கிள்ளிக்கொண்டிருந்தால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது என்பது என் கணவரின் வாதம். பெரிய செலவுகள் ஒப்பந்தங்களில் கட்டுண்டவை, அவற்றை மாற்ற மாதங்கள் ஆகும், அதுவரை சும்மா இருக்க முடியாது என்பது என் வாதம். யோசித்துப் பார்த்ததில், செலவின் அளவைவிட முக்கியமான வேறொரு வேறுபாடு இருப்பது புரிந்தது. சில செலவுகளை ஒரே ஒரு முறை முடிவெடுத்துக் குறைத்துவிடலாம்: குறைந்த விலைத் தொலைபேசித் திட்டத்துக்கு மாறுவது, பயன்படுத்தாத சந்தாவை நிறுத்துவது, காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது வேறு நிறுவனங்களின் கட்டணத்தை ஒப்பிடுவது, இரண்டாவது வண்டியை விற்பது போன்றவை. அதன்பின் அவற்றைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. மாதந்தோறும் தானாக மிச்சமாகும். வேறு சில செலவுகளை ஒவ்வொரு நாளும் மனத்தை அடக்கித்தான் குறைக்க முடியும். அலுப்பான ஒரு மாலையில் சமைக்காமல் சாப்பாடு வரவழைப்பது இந்த வகை. முதல் வகையை முழுவதுமாகத் தீர்த்துவிட்டு, இரண்டாவது வகையில் ஒன்றோ இரண்டோ மட்டும் எடுத்துக்கொண்டால் நெடுநாள் தாக்குப்பிடிக்கலாம். எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே நிறுத்தும் வீடுகள் சில வாரங்களில் சலித்துப்போய்ப் பழைய நிலைக்கே திரும்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கும் கடனைப் பற்றி வயதுக்கேற்பச் சொல்லிவிடுவது நல்லது என்றே நினைக்கிறேன். காரணம் தெரியாமல் மறுக்கப்படும் பொருள்தான் அவர்களுக்கு வருத்தம் தரும்.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. மருந்து, மருத்துவக் காப்பீடு, வண்டியின் பராமரிப்பு, பல்வலிக்கான வைத்தியம் போன்றவற்றைத் தள்ளிப்போட்டால் அவை பெரிதாகி அதே அட்டைக்கே திரும்பி வரும். இதே காரணத்துக்காக ஒரு சிறிய கையிருப்பையும் தனியாக வைத்தோம். இத்தனை வட்டி ஓடும்போது குறைந்த வட்டி தரும் சேமிப்பில் பணம் வைப்பது அறிவீனம் என்று சொல்பவர்கள் உண்டு. வெறும் எண்ணாகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் தண்ணீர்க் குழாய் வெடிக்கும் நாளில் கையில் பணம் இல்லையென்றால் அட்டையைத்தான் நீட்ட வேண்டியிருக்கும். அவசரத்துக்கு அட்டையில் ரொக்கம் எடுப்பது அதைவிட மோசம்: வட்டியில்லாக் காலம் எதுவும் இல்லாமல் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, மீதியை வட்டி அதிகமுள்ள அட்டையில் போடுவதே கணக்குப்படி லாபம். சிறிய கடனை முதலில் முடித்தால் உற்சாகம் பிறக்கும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. வட்டி விகிதங்கள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அதுவும் சரியே. நிலுவையை மாதத் தவணையாகவோ குறைந்த வட்டித் தனிநபர் கடனாகவோ மாற்றலாம், வேறு அட்டைக்கும் மாற்றலாம். அப்போது மாற்றுக் கட்டணத்தையும், சலுகை வட்டி எந்த நாளில் முடிகிறது என்பதையும், அதன்பின் வரும் வட்டியையும் எழுத்தில் பார்த்துவிட வேண்டும். மாற்றியபின் காலியான பழைய அட்டையை வீட்டில் யாரும் பயன்படுத்தாதபடி செய்வது அதைவிட அவசியம். இல்லையென்றால் கடன் இரண்டாகிவிடும்.

கடைசியாக, முடியும் தறுவாயில் பலரைக் குழப்பும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பில்லில் இருந்த முழுத் தொகையையும் கட்டி, கடன் தீர்ந்தது என்று இருக்கும்போது அடுத்த மாதமும் ஒரு சிறு தொகை கேட்டு பில் வரலாம். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாள்களின் வட்டி அது. கவனிக்காமல் விட்டால் அதற்கும் வட்டியும் தாமதக் கட்டணமும் சேரும். ஆகவே நிலுவை பூச்சியம் என்று காட்டும் பில் கைக்கு வரும்வரை நிலையான தொகைக்கான தானியங்கிக் கட்டளையை ரத்து செய்யாதீர்கள். கூடுதலாகக் கட்டியிருந்தால் அது உங்கள் கணக்கில் வரவாக நிற்கும், கேட்டுத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.