சதுரப் படம், இரண்டு வீடு, ஒரே சாமி

பினாங்கு ஜெலுத்தோங்கில் மழை இரவு. டிவியில் டேனிஷ் படம், கார்ல் டிரையரின் ‘ஓர்டெட்’, 1955.

வீட்டில் தனியாகப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் டிவியின் மோஷன் ஸ்மூத்திங்கை, அதாவது இடையில் பிரேம்களைச் சேர்த்து அசைவை வழவழப்பாக்கும் வசதியை, அணையுங்கள். நிதானமாக நகரும் கேமரா, அது இருந்தால் சீரியல் மாதிரி வழுக்கும்.

படம் ஏறக்குறைய சதுரம். இருபக்கமும் கறுப்புப் பட்டை வரும், விடுங்கள். இழுத்து நிரப்பினால் முகமெல்லாம் அகலமாகிவிடும்.

சப்டைட்டில்தான் பெரிய தொல்லை. ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்துக்கு 25 பிரேம் பிரதிக்கான சப்டைட்டில் கோப்பு மாட்டியிருக்கிறது. 126 நிமிடம் 121 ஆகச் சுருங்கும் கணக்கு. விஎல்சி பிளேயரில் சப்டைட்டிலை முன்பின் நகர்த்தும் ஜி, எச் விசைகளைத் தட்டித் தட்டி மாளாது. வேறு கோப்பு தேடுங்கள்.

ஃபேனையும் குறையுங்கள். இசை அரிது, கடிகாரச் சத்தம் முக்கியம்.

கதைக்கு வருவோம். பண்ணைக்காரர் மோர்டனுக்குத் தையல்காரர் பீட்டரின் மகள் மருமகளாக வருவதில் இஷ்டமில்லை. இருவரும் கிறிஸ்துவர்கள்தான், பிரிவு வேறு. ஆனால் பீட்டரே பெண் தர மறுத்தார் என்று கேட்டதும் மோர்டனுக்கு மானப் பிரச்சினை. உடனே வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்!

இதெல்லாம் நமக்கு சப்டைட்டில் இல்லாமலே புரியும். கோயில் கமிட்டிக் கூட்டம் பார்க்காதவர்களா நாம்?