சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் கேபிள்

வீட்டு நாஸில் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) டிஸ்க் பிழை வந்ததும் புது டிஸ்க்குக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். டிஸ்க் தன் உடல்நிலையைப் பதியும் ஸ்மார்ட் அட்டவணையைத் திறந்து பாருங்கள். 199-ஆம் வரிசை (சிஆர்சி பிழை, அதாவது தரவு கடத்தும்போது வருவது) மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண்ணிக்கை பூஜ்யமாகாது. மேலே ஏறாமல் நின்றால் சரி. 5 (மாற்றிவைத்த கெட்ட பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) இரண்டும் ஏறுகிறதா? டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது.

டிஸ்க்கை உருவும் முன் சீரியல் எண்ணை ஒப்பிடுங்கள், எத்தனையாவது ஸ்லாட் என்ற கணக்கை நம்பாதீர்கள். ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 5 அமைப்பில் ஒன்று ஏற்கெனவே செத்திருக்க, நல்ல டிஸ்க்கை உருவினால் மொத்த வால்யூமும் (சேமிப்பிடமும்) படுத்துவிடும். புதிது பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் வகையும் வேண்டாம், ரீபில்டு (புது டிஸ்க்கில் தரவை மீண்டும் நிரப்புவது) நாள்கணக்கில் இழுக்கும்.

எல்லாம் முடிந்து, கோப்பு காப்பியாகும் வேகம் நொடிக்கு 11 எம்பியிலேயே நிற்கிறதா? டிஸ்க்கைத் திட்டாதீர்கள். நெட்வொர்க் லிங்க் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். கிகாபிட்டுக்கு லேன் கேபிளின் 8 கம்பியும் வேண்டும், 100-க்கு 4 போதும். அதனால் மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு ஓடும், நொண்டியபடி. கேபிளை மாற்றினால் நொடிக்கு 110 எம்பிக்குப் பக்கத்தில் வரும்.

ரீபூட்டுக்குப் பிறகு நாஸையே காணோமா? அதன் ஐபி (நெட்வொர்க் முகவரி) மாறியிருக்கலாம். ரவுட்டரில் நாஸின் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கிவிடுங்கள்.