மலை, மரம், கரி

ஜூன் 3
மூன்று மலைகளும் தாளில் வந்துவிட்டன. மரம்தான் வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 4
ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

ஜூன் 6
விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். கரித்துண்டைப் படுக்கவைத்து, நடு மலையின் சரிவை ஒரே இழுப்பில் இழுத்தேன். தாளின் சொரசொரப்பில் மேட்டில் மட்டும் கரி ஒட்டியது, பள்ளமெல்லாம் வெள்ளையாக நின்றது. அச்சு அசலாகப் பாறை! நான் பாறையை வரையவே இல்லை. அப்புறம் அந்த இடத்தைத் தொட மனம் வரவில்லை.

மரத்துக்கு வந்ததும் பழையபடி இலை இலையாகப் போட ஆரம்பித்துவிட்டேன். மலையில் அவ்வளவு துணிந்த கைக்கு மரத்தில் என்ன பயம்? அழித்தேன். அழித்த இடம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

ஜூன் 7
தூக்கமில்லை. ஓவியர் வான்கோவின் சைப்ரஸ் மரக் கோட்டோவியத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். 1889 மே மாதம் பிரான்சின் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார். கம்பி போட்ட சன்னல் வழியாகக் கோதுமை வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஜூனில் சைப்ரஸைப் பிடித்துக்கொண்டார். நாணல் பேனாவில் மை சட்டென்று தீர்ந்துவிடும். கோடு கொழுத்து ஆரம்பித்து மெலிந்து முடியும், உடனே அடுத்த கோடு. அந்தக் குட்டைக் கோடுகள் சுழன்று சுழன்று ஏறித்தான் மரம் எரிகிற மாதிரி நிற்கிறது. இலை என்று தனியாக ஒன்றைக் காட்டிவிட முடியாது.

எனக்கு அந்த மரம் வேண்டாம். அந்தத் தைரியம் வேண்டும்.

ஜூன் 8
மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நல்லவேளை, இடது கையில்.

ஜூன் 9
இன்று முழுக்க ஜெர்மன் ஓவியர் கிர்ஷ்னர். 1917இல் உடம்பும் மனசும் உடைந்து சுவிட்சர்லாந்தின் தாவோஸ் மலையூருக்குப் போனவர். கைகால் ஒத்துழைக்காத காலத்திலும் வரைவதை விடவில்லை. அவருடைய மலை ஊதாவாக இருக்கும், இளஞ்சிவப்பாக இருக்கும். மலை அப்படியா இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். அவருக்கு அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. எனக்கு அந்தப் பதில் போதும்.

மத்தியானம் அம்மா எட்டிப் பார்த்தாள். "மரம் மலைமேல சாயுற மாதிரி இருக்கேடா" என்றாள். சாயட்டும் அம்மா. அது சாய்ந்துகொள்ள வேறு என்ன இருக்கிறது?

ஜூன் 10
ஏழே கோடு. மரம் நின்றுவிட்டது! அடியில் கரி நொறுங்கித் தூளாகும் அளவுக்கு அழுத்தினேன், உச்சியில் விரல் தானாக விட்டுவிட்டது. சன்னலுக்கு வெளியே நிற்கிற மரம் இது இல்லை. இந்தப் பத்து நாள் நான் நின்ற மாதிரி நிற்கிறது.

ஜூன் 11
போன் வந்தது. நாளை நேரில் வரவேண்டுமாம். வேறு எதுவும் சொல்லவில்லை.

கரி உதிராமலிருக்க இன்னும் ஸ்ப்ரே அடிக்கவில்லை. இடது மலைக்கு அடியில் கொஞ்சம் கறுப்பு வேண்டும்.